முப்பத்தோராவது திருட்டு

"எறும்பு ஊருத மாதிரி இருக்கா டீச்சர்?" என்று கேட்டான், இருக்கு என்றேன், "இன்னும் கொஞ்சம் கூட்டவா?" என்றான், கூட்டு என்றேன், பெட்டியின் திருகைத் துளி திருப்பி, இருபது நிமிடத்துக்கு மணி வைத்து, திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டான். இன்றைக்கு ஐந்தாவது நாள். ஐந்து நாளும் இதே எறும்பு, இதே நீலத் திரை, சூடாக்கின பையின் மேல் முதுகைச் சாய்த்து உட்காரவைக்கிற இதே நாற்காலி. வலது தோளில் நான்கு கறுப்பு ரப்பர் வில்லைகள், அவற்றை இறுக்கி ஒரு பட்டை, உள்ளே கரண்ட். இருபத்தெட்டு வருஷமாகப் பள்ளிக்கூட மைதானத்தில் நின்று, கையைத் தூக்கு, நல்லாத் தூக்கு, காதை ஒட்டித் தூக்கு என்று பிள்ளைகளைத் தொண்டை கிழியக் கத்தினவளுக்குத் தன் கை தன் காதுவரை ஏறமாட்டேன் என்கிறது. காலையில் தலைவாரிக்கொள்ள முடியவில்லை. கொடியில் சேலையைப் போட முடியவில்லை. "ஐம்பது தாண்டினா பொம்பளைங்களுக்கு வரும், தானா வந்தது தானாப் போகும், ஒரு வருஷம் பிடிக்கும்" என்கிறார் எலும்பு டாக்டர், ஏதோ விருந்தாளி வந்து தங்கியிருப்பதுபோல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் தோள்பட்டை எலும்பை எடுத்து எறிந்திருப்பேன், எறிகிற கைதான் இல்லை. அதுகூடப் போகட்டும். பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒரு பிசியோதெரபி சென்டர் இருக்கிறது, அத்தனையையும் விட்டுவிட்டு மாசானமுத்து வேலை பார்க்கிற இடத்துக்கா நான் வந்து சேரவேண்டும்?

முதல் நாளே ஆளைத் தெரிந்துவிட்டது எனக்கு. முகத்தைப் பார்த்து இல்லை, முகம் சதை போட்டுவிட்டது, தாடி வேறு. அலமாரியிலிருந்து ஜெல் டப்பாவை எடுக்க நாலு அடி நடந்தான் பாருங்கள், அதில் தெரிந்தது. நிற்கும்போதே ஒரு குதிகால் தரையில் படாது. அப்படித்தான் முதல் பேஸில் நிற்பான். பந்து எறிகிறவன் கையையே பார்த்துக்கொண்டு, ஒரு காலை அடுத்த பேஸ் பக்கம் நீட்டி வைத்து, எறிகிறவன் தோள் அசைந்த கணத்தில் இவன் அங்கே இருக்கமாட்டான். கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிடும். பேஸ்பாலில் நான்கு மூலைக்கும் நான்கு பேஸ். மட்டைக்காரன் அடித்தால் ஓடலாம், அது சாதாரணம். அடிக்காமலே, எறிகிறவன் கையைவிட்டுப் பந்து கிளம்புகிற நேரம் பார்த்து, பின்னால் உட்கார்ந்திருக்கிற கேட்ச்சர் அதைப் பிடித்துத் திருப்பி எறிவதற்குள் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்துவிட்டால், அது ஸ்டீல், திருட்டு. சேராவிட்டால் அவுட். இவ்வளவுதான். மூன்றரை விநாடி வேலை. அந்த மூன்றரை விநாடியை ஒருத்தர் பார்த்துப் புத்தகத்தில் எழுதவேண்டும். அந்த ஒருத்தர் நான்தான். எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் அவன் ஓடவே இல்லை.

எட்டு வருஷம் ஆகிறது. ஆறு அணி சேர்ந்து ஒரு தொழில்முறை லீக் நடத்தினார்கள், கோயம்புத்தூரில் மூன்று மாதம், ஒரே சீசன், அதற்குப் பிறகு ஆடுகிறவனும் இல்லை, நடத்துகிறவனும் இல்லை. ஆனால் அந்த லீக்கின் இணையப்பக்கத்தை மூட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. அதில் 'அதிக ஸ்டீல் எடுத்தவர்கள்' என்று ஐந்து பேர் பட்டியல். முதலாவது குர்ஜண்ட் சிங், லூதியானா, முப்பது. இரண்டாவது மாசானமுத்து, திருநெல்வேலி, முப்பது. இரண்டு பேரும் முப்பது என்றால் குறைவாக மாட்டிக்கொண்டவன் முதலாவது. குர்ஜண்ட் ஐந்து தடவை மாட்டினான், இவன் ஒன்பது. இவன் கொஞ்சம் அவசரக்காரன். அந்தப் பக்கத்தை நான் வருஷத்துக்கு எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில், ஸ்டாஃப் ரூமில், பரீட்சை மேற்பார்வையில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது. எனக்குத் தெரியாதா அதில் என்ன இருக்கிறது என்று? அந்தக் கணக்கே நான் எழுதினதுதானே. ஆனாலும் திறப்பேன். முப்பது. முப்பது. ஒரு நாளாவது அது முப்பத்தொன்று என்று காட்டிவிடாதா? காட்டாது. நான் எழுதாமல் எப்படிக் காட்டும்?

கரண்ட் குறைந்துவிட்டதா, உடம்பு பழகிவிட்டதா தெரியவில்லை. கூப்பிட்டால் வருவான். வந்து, "கூட்டவா டீச்சர்?" என்பான், குரலில் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. இவனுக்கு என்னை அடையாளம் தெரிந்துதான் இப்படியா, தெரியாமலா? தெரிந்திருந்தால் ஐந்து நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டாமா? தெரியாது என்றும் சொல்லமுடியாது, கார்டில் எமல்டா, ஐம்பத்து மூன்று, உடற்கல்வி ஆசிரியை என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இந்த ஊரில் எத்தனை எமல்டா? தோளைப் பிடித்துப் பின்னால் மடக்கும்போது வேண்டுமென்றே ஒரு இழுப்பு இழுத்தால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும், சரி, பழி வாங்குகிறான், கணக்குத் தீர்ந்தது என்று போய்விடலாம். அவனோ ஏதோ முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறான். "இதுக்கு மேல வேண்டாம் டீச்சர், நாளைக்குப் பாப்போம்" என்கிறான். எவ்வளவு எரிச்சல் தெரியுமா, நாம் கெடுதல் செய்த ஆள் நமக்கு நல்லது செய்யும்போது? அதுவும் மாதாகோயிலுக்கு வாராவாரம் போகிறவளுக்கு.

கெடுதலா? தவறு. தவறு வேறு, கெடுதல் வேறு. அன்றைக்கு நடந்தது தவறு. கடைசி லீக் ஆட்டம், திருநெல்வேலிக்கும் கொச்சிக்கும். கடைசி இன்னிங்ஸ், கொச்சி நான்கு ஓட்டம் முன்னால். குர்ஜண்டின் ஆட்டம் காலையிலேயே முடிந்துவிட்டது, அவன் முப்பதில் நிற்கிறான், இவனும் முப்பதில் நிற்கிறான், முதல் பேஸில் குதிகாலைத் தூக்கிக்கொண்டு. பட்டியலில் முதலாவதாக வருகிறவனைத் தைவானில் ஒரு கிளப் மூன்று மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு இருந்தது, எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துத் திருநெல்வேலிக்காரர்கள் மட்டைக்காரனை மாற்றினார்கள். புதிதாக வந்தவன் பெயர் ஒரு முழ நீளம், சிவசுப்பிரமணிய ஏதோ ஒரு பாண்டியன், அதை எழுதுவதற்கு இருக்கிற கட்டமோ கட்டைவிரல் நகம் அளவு. என் எழுத்து அழகாக இருக்கும். அதில் எனக்குக் கர்வம். குனிந்து, பொடி எழுத்தாக, கோட்டைத் தாண்டாமல் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு எறி நடந்துவிட்டது, அது எனக்குத் தெரியாது. கூட்டம் ஓ என்றது. நிமிர்ந்தேன். மாசானமுத்து இரண்டாவது பேஸில் நிற்கிறான், கால்சட்டையில் மண். கேட்ச்சர் தன் இடத்தில் நிற்கிறான், பந்து அவன் காலடியிலோ கையிலோ. எறியவே இல்லை என்று மட்டும் தெரிகிறது.

இப்போது ஒரு விஷயம். எதிரணி ரொம்ப முன்னால் இருக்கும்போது சில சமயம், போனால் போகட்டும், ஓடிக்கொள் என்று விட்டுவிடுவார்கள். தடுக்க முயற்சியே செய்யமாட்டார்கள். அப்படி விட்டால் அது ஸ்டீல் ஆகாது. அதற்கு நாங்கள் போடுகிற குறி டி.ஐ. அலட்சியம் என்று அர்த்தம். ஓடினவன் கணக்கில் ஒன்றும் ஏறாது. நான்கு ஓட்டம் முன்னால், கேட்ச்சர் எறியவில்லை, கடைசி இன்னிங்ஸ். நான் பார்த்ததை வைத்துப் பார்த்தால் அது டி.ஐ. தான். ஆனால் நான் பார்க்கவில்லையே! பக்கத்து நாற்காலியில் உதவி ஸ்கோரர் பாக்கியநாதன் சார் உட்கார்ந்திருக்கிறார். என்ன ஆச்சு சார் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்கமுடியுமா? முதல் நாள் டீ குடிக்கும்போது எல்லார் முன்னாலும், "நம்ம டீச்சர் பக்கம் எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, கோலம் போட்ட மாதிரி. ஆட்டத்த மட்டும் நாம பாத்துக்கிட்டாப் போதும்" என்று சொல்லிச் சிரித்த மனிதர். தலைமை ஸ்கோரர் இடம் தனக்கு வரவேண்டியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். அவரிடம் போய், சார், நான் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்று சொல்லவா? பென்சிலை எடுத்து டி.ஐ. என்று போட்டேன். அழகாகத்தான் போட்டேன். பாக்கியநாதன் சார் என் பக்கம் திரும்பி, "அலட்சியமா டீச்சர்?" என்றார். "பாத்தீங்கள்ல?" என்றேன். அதட்டி. அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் தாளிலும் அதையே எழுதினார். இதுதான் நடந்தது. இதை யாரும் கெடுதல் என்று சொல்லமாட்டார்கள். குனிந்திருந்தேன். ஒரு மனுஷி குனியக்கூடாதா?

அடுத்த கட்டிலில் யாரோ வந்து படுக்கிற சத்தம். முழங்கால் வலிக்காரர், சங்கரலிங்கம் சார், தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர், நாலு நாளாக இதே நேரத்துக்கு வருகிறார், வாயை மூடமாட்டார். மாசானமுத்துவுக்குக் கல்யாணம் ஆயிற்றா, சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்ணுகிறார் எல்லாம் விசாரித்து முடித்தாயிற்று. ஆகிவிட்டது, வல்லநாடு, அப்பா இல்லை. இன்றைக்கு என்ன பாக்கியோ. கொஞ்சம் சும்மா இருந்தால் கண்ணை மூடலாம். மூடினாலும் என்ன வரப்போகிறது? அந்த ஆட்டத்துக்கு மறுநாள் காலை பத்து மணி வரும். அதைத்தான் நான் இத்தனை வருஷமாக ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறேன், அது வந்து வந்து நிற்கிறது. திருநெல்வேலி அணியின் மேனேஜர் போனில் ஒரு வீடியோ அனுப்பினார், டீச்சர் ஒரு தடவை பாருங்க, பையன் சாப்பிடாம உக்காந்திருக்கான் என்று எழுதி. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தேன். அதில் எல்லாம் இருந்தது. இவன் பாய்கிறான். கேட்ச்சர் எழுந்து கையைப் பின்னால் கொண்டுபோகிறான், பந்து விரலிலிருந்து நழுவிக் காலடியில் விழுகிறது. அந்தப் பக்கம் கொச்சிக்காரன் ஒருத்தன் பந்தை வாங்கிக்கொள்ள இரண்டாவது பேஸுக்கு ஓடிவந்து கையுறையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். தடுக்க நினைக்காதவன் அங்கே எதற்கு ஓடுகிறான்? கேட்ச்சர் கை எதற்குப் பின்னால் போகிறது? ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் காட்டினாலும் ஸ்டீல் என்று சொல்லும். மூன்று தடவை பார்த்தேன். ஆட்டம் முடிந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஸ்கோரர் தன் தீர்ப்பை மாற்றலாம், விதியிலேயே இருக்கிறது. மாலை ஆறு மணி வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. எட்டு மணி நேரம்! மாற்றினால் பாக்கியநாதன் சார் கேட்பார், நேத்து என்னத்தப் பாத்தீங்க டீச்சர் என்று. கேட்டுவிட்டு டீ குடிக்கிற இடத்தில் சொல்வார். அந்தச் சிரிப்பை நான் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே கேட்டுவிட்டேன். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேனேஜருக்குப் பதில் அனுப்பினேன். வீடியோ பார்த்தேன், தீர்ப்பில் மாற்றமில்லை. பாக்கியநாதன் என்கிற அந்த ஆளுக்குப் பயந்து இதைச் செய்தேன். அவர் இப்போது தூத்துக்குடியில் மகன் வீட்டில் இருக்கிறார், என் பெயர்கூட அவருக்கு நினைவிருக்காது.

"உன் நடையப் பாத்தா ஸ்போர்ட்ஸ்ல இருந்த ஆளு மாதிரில்லா இருக்கு?" என்கிறார் சங்கரலிங்கம் சார் திரைக்கு அந்தப் பக்கம். கர்த்தரே, வேண்டாம். "ஆமா சார், பேஸ்பால் ஆடினேன், ஒரு சீசன்." "அது அமெரிக்காக்காரன் ஆடுததுல்லா? அதுல நீ என்ன பண்ணுவ?" "ஓடுவேன் சார். பேஸ் திருடுததும்பாங்க. அந்த சீசன்ல முப்பது எடுத்தேன். ரெண்டாவது எடம்." "முப்பதா! பெறகு ஏன் விட்டுட்ட?" பட்டை இறுக்குகிற சத்தம். ரப்பர் வில்லை ஒட்டுகிற சத்தம். என் காது திரையோடு ஒட்டிக்கொண்டது, வெட்கங்கெட்ட காது. "கடைசி மேட்ச்ல ஒண்ணு ஓடினேன் சார். என் வாழ்க்கையிலயே அப்பிடி ஓடினதில்ல. ஆனா அது கணக்குல வரலை. எதிர் டீமு என்னத் தடுக்கணும்னே நெனைக்கலையாம், போறான்னா போட்டும்னு விட்டுட்டாங்களாம்." "உனக்கே தெரியுமே, விட்டானா விரட்டினானான்னு?" "ஓடும்போது திரும்பிப் பாக்க முடியாது சார். எழுதுதவங்கதான் பாக்கணும். அவங்க பாத்து எழுதினது சரியாத்தான இருக்கும்? அதுக்கப்புறம் ஊர்ல பிராக்டிஸுக்கு முதல் பேஸ்ல போய் நின்னா, நம்மள எவன் கண்டுக்கிடுதான்னே தோணும். கால் எந்திரிக்காது. சரின்னு படிச்ச படிப்புக்கு வந்துட்டேன். எறும்பு ஊருத மாதிரி இருக்கா சார்?"

தைவான் வாய்ப்பு கைவிட்டுப் போனதைப் பற்றித்தான் இத்தனை நாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். போனால் என்ன, மூன்று மாதம், குர்ஜண்ட் போய்விட்டுத் திரும்பிவந்து எங்கோ கோச்சாக இருக்கிறான், இவன் போயிருந்தாலும் அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவைத்திருந்தேன். அவன் ஓடுகிற காலையே எடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியாது. முட்டாள் பையா, ஒரு ஸ்கோரர் பென்சிலால் கிறுக்கினதற்காகவா விட்டாய்? சண்டை போட்டிருக்கவேண்டாமா? அந்த வீடியோவை நீயே பார்த்திருக்கவேண்டாமா? இவன்மேல் கோபம் வருகிறது எனக்கு, பாருங்கள், இவன்மேல்! மணி அடித்தது. இருபது நிமிடம் முடிந்துவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு வந்தான், பெட்டியை அணைத்தான், பட்டையைக் கழற்றினான், ஒவ்வொரு வில்லையாகத் தோலை இழுக்காமல் எடுத்தான்.

"மாசானம், நீ அந்த சார்கிட்ட சொன்னது கேட்டுது" என்றேன்.

"கேக்கத்தான செய்யும், நடுவுல வெறும் துணிதான?" என்று சிரித்தான்.

"நான் யாருன்னு உனக்கு..."

"கார்டுல பேரப் பாத்ததுமே தெரியும் டீச்சர். நீங்களா ஏதும் சொன்னாப் பேசுவோம்னு இருந்தேன்."

"எம்மேல கோவம் இல்லையா உனக்கு?"

"ஒங்க மேல எதுக்கு? வேற யாரும் எழுதியிருந்தா விட்டிருக்கமாட்டேன். எங்க மேனேஜர் வீடியோ அனுப்பினாரு, நான் ஆறு மணி வரைக்கும் அவரு போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நானும் பாக்கட்டான்னு கேட்டேன், வேண்டாம்டா, டீச்சர் சொல்லட்டும்னுட்டாரு. மாற்றமில்லன்னு வந்துச்சு. சரி, எமல்டா டீச்சரே மறுபடியும் பாத்துட்டுச் சொல்லுதாங்கன்னா நாமதான் பெருசா ஓடிட்டோம்னு நெனச்சிருக்கோம்னு தோணிட்டு. யாருக்கும் வளையமாட்டாங்க அவங்கன்னு எங்கப்பாட்டயும் சொன்னேன்."

"நான் பாக்கல" என்றேன். குரல் மைதானத்தில் கத்துகிற குரலாக வந்துவிட்டது. "நீ ஓடினத நான் பாக்கவே இல்ல மாசானம். குனிஞ்சு பேர் எழுதிக்கிட்டிருந்தேன். அவங்க விடல. ஒன்னத் தடுக்கத்தான் பாத்தாங்க, கேட்ச்சர் கையிலருந்து பந்து நழுவிட்டு. அது ஸ்டீல்தான். முப்பத்தொண்ணு."

வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. எட்டு வருஷமாக இந்த இடத்துக்கு நான் என்னென்ன பதில் தயார் செய்து வைத்திருந்தேன்! அழுதால் என்ன சொல்வது, திட்டினால் என்ன சொல்வது, போகட்டும் டீச்சர் என்று விட்டுவிட்டால் என்ன சொல்வது. மனுஷங்கதானே, தப்பு வரத்தான் செய்யும் என்பது வரைக்கும் ஒத்திகை பார்த்திருந்தேன். அவன் கேட்டது வேறு.

"எப்பத் தெரிஞ்சுது டீச்சர், ஒங்களுக்கு?"

போன வருஷம் என்று சொல்லலாம். வீடியோவைச் சமீபத்தில்தான் உற்றுப் பார்த்தேன், அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லலாம், அவன் நம்புவான். நான் எதைச் சொன்னாலும் நம்புவான், அதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருந்தேன். வாய்வரைக்கும் வந்துவிட்டது. தோள் விண்விண் என்று தெறித்தது.

"மறுநாளே. காலையில பத்து மணிக்கு."

அவன் வயர் முழுவதையும் சுருட்டி முடித்து ஆணியில் மாட்டினான். பஞ்சுத்துணி எடுத்து என் தோளில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்தான், எப்போதும்போல மெதுவாக, ஒரு இடம் விடாமல். கையைப் பின்னால் மடக்கிப் பார்த்தான். "நேத்துக்கு இன்னிக்கு ஒரு விரக்கடை கூடியிருக்கு" என்றான். பிறகு மேஜைக்குப் போய் என் கார்டை எடுத்து, மேலே இருந்த அவன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எதையோ எழுதி, இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினான்.

"வியாழக்கிழமை இதே நேரம் வந்துருங்க டீச்சர். நடுவுல விட்டுறக்கூடாது, விட்டா மறுபடி இறுகிரும். அன்னைக்கு ஷர்மிளா மேடம் பாப்பாங்க. இனிமே அவங்களே பாப்பாங்க."